நிகழ்ச்சி நிரலை யார் எழுதுகிறார்கள்? தீவகத்துக் கூட்டங்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. கேள்வி

வேலணைத் தீவின் சரவணை போன்றதொரு ஊரில் ஒரே ஆள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராகவும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் குழு உறுப்பினராகவும், கோயில் பரிபாலன சபையின் பொருளாளராகவும் இருப்பது வழமை. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளோடு தீவகம் பெருமளவில் வெறுமையானது. திரும்பி வந்து குடியிருப்பவர்கள் 1981 இல் இருந்த சனத்தொகையின் ஒரு பகுதியினரே. ஊர் சுருங்கிய அளவுக்குச் சங்கங்கள் சுருங்கவில்லை. அரச திணைக்களம் ஒவ்வொன்றும் தன் அலுவலை ஊருக்குள் கொண்டுசெல்ல ஒரு சங்கத்தை நாடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உதவியும் ஒரு சங்கத்தின் வங்கிக் கணக்கையே கேட்கிறது. ஆகவே குறைந்த ஆட்கள் நிறையக் கூட்டங்களுக்குப் போகிறார்கள்.

இக்கூட்டங்களால் ஊருக்கும் அலுவலகத்துக்கும் என்ன பயன்? பயன் குறைவென்றால் குறை எங்கே இருக்கிறது? வழக்கமாக இரண்டு மறுமொழிகள் கிடைக்கின்றன. முகாமைத்துவ நூல்களைப் படித்தவர்கள், கூட்டங்கள் நீளமானவை, ஒழுங்கற்றவை, நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்பார்கள். உத்தியோகத்தர்களிடம் கேட்டால், சனம் வருவதில்லை, வந்தாலும் வாய் திறப்பதில்லை, அக்கறை போய்விட்டது என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் கூட்டம் நடக்கும் அந்த ஓரிரு மணிநேரத்தை மட்டுமே பார்க்கின்றன. ஒரு கூட்டத்தின் தரம் பெரும்பாலும் அது கூடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எஞ்சிய பகுதி கலைந்த பின் முடிவாகிறது. நிகழ்ச்சி நிரல் எந்த மேசையில் எழுதப்பட்டது, கூட்டறிக்கை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற இரண்டையும் ஆராயாமல் கூட்டத்தைத் திருத்த முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இங்கே கூட்டம் என்பது பிரதேச செயலகத்தின் முன்னேற்ற மீளாய்வுக் கூட்டம், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம், கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டம், ஊர்ச் சங்கங்களின் நிர்வாகசபைக் கூட்டம் ஆகியவற்றைக் குறிக்கும். உத்தியோகத்தருக்கு இவை சம்பளத்துக்குரிய வேலை. கடற்றொழிலாளருக்கும் கமக்காரருக்கும் சங்கமே அவர்கள் தொழிலின் அலுவலகம். இருவருக்கும் கூட்டம் வேலையின் ஒரு பகுதியே.

2. ஆய்வுகள் காட்டுவது

கூட்டங்கள் பற்றிய பேச்சில் அடிக்கடி எடுத்தாளப்படுபவர் சி. நோத்கோட் பாக்கின்சன். அணுவுலைத் திட்டத்தை நிமிடங்களில் கடந்துவிடும் குழு, சைக்கிள் கொட்டகைக்கு நெடுநேரம் செலவிடும் என்று 1950களின் பிற்பகுதியில் அவர் எழுதினார். அது அங்கதம், ஆய்வன்று. என்றாலும், எல்லோருக்கும் விளங்கும் விடயத்தில் எல்லோரும் பேசுவர், சிலருக்கு மட்டும் விளங்கும் விடயம் பேச்சின்றி நிறைவேறும் என்ற அவரது கவனிப்பை இலட்சக்கணக்கான ரூபா ஒதுக்கீடுகள் வாசிக்கப்பட்ட மறுகணமே ஏற்கப்படும் எமது பொதுக்கூட்டங்களில் காணலாம்.

சோதனை வழி ஆய்வுகள் இதைவிடப் பயனுள்ளவை. குழுவாக இருந்து உரத்துச் சிந்தித்தால் எண்ணங்கள் பெருகும் என்று விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஒஸ்போன் 1953 இல் வெளியான தன் நூலில் வாதிட்டார். 1958 இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, தனித்தனியே இருந்து எழுதியவர்களின் எண்ணங்களைச் சேர்த்தால் குழுவின் எண்ணங்களைவிட அதிகமாக இருந்தன. காரணத்தை மைக்கல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோப் ஆகியோர் 1987 இல் நுணுகிப் பார்த்தனர். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது எண்ணம் நழுவுகிறது, அல்லது சொல்லத் தகுந்ததன்று என்று கைவிடப்படுகிறது. பேச்சுக்குப் பேர்போன ஒருவர் உள்ள சபையில் இது எப்படி நிகழும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

மேலும் முக்கியமானது காரொல்ட் ஸ்ராசர், வில்லியம் ரைற்றஸ் இருவரின் 1985 ஆய்வு. குழுவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தியும், ஒவ்வொருவருக்கு மட்டும் தெரிந்த செய்தியும் இருக்கும்போது, குழு தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேலே வருவது அரிது. இவ்வகையான 65 ஆய்வுகளைச் சேர்த்து 2012 இல் வெளியான தொகுப்பாய்வு, செய்தி இவ்வாறு சிதறிக்கிடக்கும் குழுக்கள் சரியான விடையை அடையும் வாய்ப்பு, முழுச் செய்தியும் எல்லோரிடமும் உள்ள குழுக்களோடு ஒப்பிட எட்டு மடங்கு குறைவு என்று கண்டது.

இவை பெரும்பாலும் மேலைநாட்டு மாணவர்களை ஓர் அறைக்குள் இருத்திச் செய்யப்பட்ட சோதனைகள். அவர்களுக்குள் காணி வழக்கில்லை, சாதியில்லை, நாளைக்கும் ஒரே ஒழுங்கையால் நடக்க வேண்டிய தேவையில்லை. இந்தக் குறையை மானிடவியல் ஓரளவு நிரப்புகிறது. ஹெலன் சுவார்ட்ஸ்மன் 1989 இல் எழுதிய நூலில், கூட்டத்தை முடிவெடுக்கும் கருவியாக மட்டும் பார்ப்பது தவறு என்றார். ஒரு நிறுவனம் தன்னைத் தானே கண்டுகொள்வது கூட்டத்தில்தான். யார் யாருக்கு முன் இருக்கிறார் என்பது அங்கேதான் உறுதியாகிறது. இடம்பெயர்ந்து திரும்பிய ஊருக்கு இது இருமடங்கு பொருந்தும். சங்கக் கூட்டத்தில் முப்பது பேரை ஒன்றாகக் காணும்போதுதான் ஊர் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கை வருகிறது. பதினைந்து நிமிடத்தில் கூட்டத்தை முடியுங்கள் என்ற அறிவுரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

3. அறிந்தவர் அழைக்கப்படாத சபை

ஸ்ராசரும் ரைற்றசும் கண்டதைத் தீவகத்தில் வைத்துப் பார்ப்போம். இங்கே கிணற்று நீர் பல இடங்களில் உவர். வேலணையின் சாட்டிப் பகுதி நன்னீருக்குப் பேர்போனது. உவர்ப் பகுதிகளுக்குக் குடிநீர் பவுசரில் போகிறது. கோடையில் நீர் விநியோக ஒழுங்கைத் திருத்த ஒரு கூட்டம் கூட்டப்படுவதாக எண்ணிக்கொள்வோம். பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓடலாம், எவ்வளவு எரிபொருள் உண்டு என்பது தெரியும். கிராம அலுவலருக்கு எத்தனை குடும்பம் என்பது தெரியும். எந்த ஒழுங்கையில் பவுசர் திரும்ப முடியாது, எந்தத் தாங்கியின் குழாய் உடைந்து அரைவாசி நீர் மண்ணில் போகிறது என்பது சாரதிக்குத் தெரியும். பவுசர் வரும் நேரத்தில் யார் வீட்டில் இருப்பதில்லை, யார் குடத்தோடு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது தண்ணீர் அள்ளும் பெண்களுக்குத் தெரியும்.

இத்தகைய கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் பதவிகளின் பெயருக்கே போகும். சாரதிக்குப் பதவி உண்டு, ஆனால் கூட்டத்துக்குரிய பதவியன்று. தண்ணீர் அள்ளும் பெண் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவியாக இருந்தாலொழிய அழைக்கப்படமாட்டார். ஆகவே உத்தியோகத்தரும் கிராம அலுவலரும் தமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்களைப் பரிமாறிக்கொள்வார்கள். கூட்டம் ஒழுங்காக, குறித்த நேரத்துக்குள், நிகழ்ச்சி நிரலின்படி நடந்து முடியும். உடைந்த குழாய் அப்படியே கிடக்கும்.

இந்த நிலையில் நேரக் கட்டுப்பாடு எதையும் மாற்றாது. சபையில் இல்லாத அறிவைச் சிறந்த தலைமைகூட வெளிக்கொணர முடியாது. இந்த விடயத்தை நாளாந்தம் கையாளுகிறவர் யார் என்று நிரலின் ஒவ்வொரு விடயத்துக்கு எதிரேயும் எழுதிப் பார்த்துவிட்டு அழைப்பை அனுப்பினால், கூட்டம் வேறொன்றாகிவிடும். பதவிக்கு ஒரு கதிரை என்ற வழக்கத்தோடு, விடயத்துக்கு ஒரு கதிரையும் வேண்டும்.

4. படகும் காற்றும் கூட்ட நேரமும்

சரவணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு எல்லாம் வேலணைப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகின்றன. சரவணையிலிருந்து வேலணைக்குச் சைக்கிளில் போய்விடலாம். நயினாதீவிலிருந்து வருபவர் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவைக் குறுக்கே கடந்து, தாம்போதி வழியாக வேலணைக்கு வரவேண்டும். நெடுந்தீவு தனிப் பிரதேச செயலகப் பிரிவு. அங்குள்ள உத்தியோகத்தர் யாழ்ப்பாண மாவட்டச் செயலகக் கூட்டத்துக்கு வர, காலைப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம், பிறகு பஸ், மாலைப் படகு போகுமுன் மறுபடி குறிகட்டுவான். இரண்டு மணிநேரக் கூட்டம் அவருக்கு ஒரு முழுநாள். சோளகக் காற்று கிளம்பும் மாதங்களில் அந்த நாளும் நிச்சயமில்லை. நெடுந்தீவு உத்தியோகத்தர் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டத்தை விட்டு எழும்பினால் அது அக்கறையின்மையாகாது. கடைசிப் படகு அவரைக் கூப்பிடுகிறது. அவருடைய விடயம் நிரலின் அடியில் இருந்தால் அது பேசப்படாமலே போகும். தூரத்திலிருந்து வருபவரின் விடயத்தை முதலில் எடுப்பது எந்தச் செலவுமில்லாத சீர்திருத்தம்.

ஊர்க் கூட்டங்களில் சிக்கல் வேறு. அரச அலுவலகம் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கூட்டம் வைக்க விரும்பும். இரவில் வலை படுத்து விடியற்காலையில் வாங்கி வந்தவர் அப்போது மீனை விற்றுவிட்டுச் சோர்ந்திருப்பார். சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரமேற வேண்டும். புகையிலைத் தோட்டக்காரருக்குக் காலை இறைப்பு. சிறுபிள்ளைகள் உள்ள தாய்க்கு நண்பகலை அண்டிய நேரம் முடியாது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நேரம் இல்லை என்பதே உண்மை. அப்படியிருக்க, எப்போதும் ஒரே நேரத்தில் வைப்பது எப்போதும் ஒரே கூட்டத்தாரை விலக்கிவைப்பதாகும். நேரத்தை மாற்றி மாற்றி வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கடற்றொழில் ஊர்களில் கூட்ட நாளைக் குறிப்பவர் அறிந்திருக்க வேண்டிய கசப்பான செய்தியொன்றும் உண்டு. போர் முடிந்த 2009 இன் பின் பல ஆண்டுகளாக, தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள், பெரும்பாலும் திங்கள், புதன், சனி, வடகடலுக்கு வந்துபோயின. வலைகள் அறுபடும் என்ற அச்சத்தால் சிறு தொழிலாளர் பலர் அந்த இரவுகளில் கடலுக்குப் போகவில்லை. அவர்கள் எந்த நாட்களில் கரையில் இருக்கிறார்கள் என்பதை அலுவலக நாட்காட்டி சொல்லாது. கரையில் கேட்டால்தான் தெரியும்.

ஒரு கணக்கையும் இங்கே வைக்க வேண்டும். இருபது பேர் மூன்று மணிநேரம் இருந்தால் அறுபது மனித மணிநேரம் போகிறது. அதில் உத்தியோகத்தரின் மணிநேரத்துக்குச் சம்பளம் உண்டு. கூலித் தொழிலாளியின் மணிநேரம் அவருடைய அன்றைய உழைப்பிலிருந்து கழிகிறது. வராதவரை அக்கறையற்றவர் என்று சொல்லுமுன் இந்த வேறுபாட்டை எண்ண வேண்டும். கூட்டத்துக்கு வருவது ஏழைக்கே அதிகச் செலவானது.

5. இருக்கையும் குரலும்

அழைக்கப்பட்டு, நேரமும் பொருந்தி வந்தவர் பேசுகிறாரா? இங்கே எமது சமூகத்தின் பழைய கணக்கு குறுக்கிடுகிறது. யாழ்ப்பாணப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்த காலம் இருந்தது. சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை 1920களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அதற்குக் குரல் கொடுத்தது. அரசு சம ஆசனத்தைப் பணித்தபோது எதிர்ப்பு கடுமையாக எழுந்தது, பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரே வாங்கில் இருப்பதற்கே இவ்வளவு போராட வேண்டியிருந்த மண்ணில், வாங்கில் இடம் கிடைத்ததும் குரலும் கிடைத்துவிட்டது என்று கொள்ள முடியாது. இன்றைய பொதுநோக்கு மண்டபத்தில் கதிரைகள் ஒரே மாதிரியானவை. ஆனால் முன்வரிசை யாருக்கு, கதவோரம் யாருக்கு என்பது எழுதப்படாமலே தெரிந்திருக்கிறது. பெண்கள் எண்ணிக்கையில் அதிகமாக வந்தாலும் பின்வரிசையிலோ ஒரு பக்கமாகவோ இருப்பதைப் பல ஊர்களில் காணலாம்.

தமிழ் பேசும் கூட்டங்கள் பற்றி எமக்கு ஒரு நல்ல ஆய்வு கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமசபைக் கூட்டங்களில் பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்து, ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் ஆராய்ந்து 2019 இல் வெளியிட்டனர். பெண்கள் பேசுவது குறைவு. அவர்கள் எடுத்த விடயம் பேச்சின் போக்கை அமைப்பதும் குறைவு. உத்தியோகத்தரிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. ஆனால் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்களின் பேச்சுக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு உயர்ந்தது. இதில் நான் அழுத்த விரும்புவது பதில் என்பதை. பேச வாய்ப்புக் கொடுத்தோம் என்பது பாதி வேலை. சொன்னதற்கு மறுமொழி வந்ததா என்பதே அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தல் திருத்தச் சட்டம் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. 2018 தேர்தலோடு, அதுவரை 2 வீதமளவில் இருந்த பெண் உறுப்பினர் தொகை 20 வீதத்தைத் தாண்டியது. இருக்கை மாறியிருக்கிறது. சபைக் கூட்டறிக்கைகளைத் தமிழ்நாட்டு ஆய்வைப் போலச் சொல்லுக்குச் சொல் ஆராய்ந்தால் குரல் எவ்வளவு மாறியது என்பது விளங்கும். எமது பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எடுத்துச் செய்யத்தக்க ஆய்வு இது.

கூட்ட ஒழுக்கம் பற்றிய தமிழரின் பழைய சான்றுகளில் உத்தரமேரூர்ச் சாசனங்களையே எல்லோரும் சொல்வார்கள். எமது விடயத்துக்கு அதைவிட நெருங்கியது, திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 800 ஆம் ஆண்டின் பாண்டியர் சாசனம். சபையில் எந்த விடயம் எடுத்தாலும் மறுத்து மறுத்து முடக்குபவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே முட்டுக்கட்டை ஒரு சிக்கலாக இருந்திருக்கிறது. ஆயினும் அச்சாசனத்தைப் பெருமையோடு மட்டும் படிக்கக்கூடாது. அது ஒரு பிரமதேயச் சபை, அதாவது பிராமணருக்குத் தானமாக விடப்பட்ட ஊரின் சபை. நிலப்பங்கும் வேதக் கல்வியும் உள்ளவரே அங்கே இருக்கலாம். ஊரின் பெரும்பகுதியினர் வாசலிலேயே நிறுத்தப்பட்ட பிறகு, உள்ளே இருந்தவருக்கு எழுதிய விதி அது. எமது கூட்டங்களின் நோய் இதற்கு மறுதலையானது. ஒருவர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதிக்க, ஏகமனதாக நிறைவேறியது என்ற வசனமே அறிக்கைப் புத்தகம் முழுக்க. மறுப்பவருக்குத் தண்டம் தேவைப்படாத அளவுக்கு மறுப்பே இல்லை. மறுப்பு கூட்டம் முடிந்து படலையடியில் சொல்லப்படுகிறது.

6. கூட்டுறவின் அனுபவம்

நிகழ்ச்சி நிரல் ஊரைவிட்டு விலகும்போது கூட்டத்துக்கு என்ன நேரும் என்பதற்குக் கூட்டுறவு வரலாறு சான்று தருகிறது. 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு இலங்கையில் கடன் சங்கங்கள் சட்ட வடிவம் பெற்றன. யாழ்ப்பாணத்தில் இவை ஐக்கிய நாணய சங்கங்களாக ஊருக்கு ஊர் வேரூன்றின. சிறு சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசப்பட்டது அங்கே இருந்தவர்களின் பணம். யாருக்குக் கடன், யார் பிணை, யார் தவணை தவறினார் என்பதை அங்கே இருந்தவர்களே முடிவு செய்தார்கள். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கொரு வாக்கு.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 1957 இல் தொடங்கின. 1971 இல் அரசு சிறு சங்கங்களை ஒன்றிணைத்தபோது, நாடெங்கும் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தவை நானூறுக்கும் குறைவான பெருஞ்சங்கங்களாயின. முகாமை நோக்கில் இதற்கு நியாயம் இருந்தது. சிறு சங்கங்கள் பல நட்டத்தில் இருந்தன, மொத்தக் கொள்வனவில் பெரிய அமைப்புக்கு வலு உண்டு. ஆனால் ஊர்ச் சங்கம் கிளையாகியது. கிளைக் கூட்டம் பிரதிநிதியைத் தெரிந்து அனுப்பும். பிரதிநிதிகள் பொதுச்சபையாகக் கூடுவார்கள். பணிப்பாளர் சபை முடிவெடுக்கும். ஊரில் நடக்கும் கூட்டத்திடம் முடிவு எதுவும் எஞ்சவில்லை. கிளைக் கூட்டங்களுக்கு ஆட்கள் வருவது குறைந்ததற்குப் போர், இடப்பெயர்வு, திறந்த சந்தை எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு, முடிவு செய்ய ஒன்றுமில்லாத கூட்டத்துக்கு மனிதர் ஏன் வரவேண்டும் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இதே அமைப்பு வேறு வடிவில் தொடர்கிறது. திட்டமும் தொகையும் மேலிருந்து வருகின்றன, பயனாளிகளைத் தெரிவதற்கு அவசரமாகக் கூட்டம் கூட்டப்படுகிறது. புலம்பெயர் ஊர்ச் சங்கங்களின் பணத்துக்கும் இது பொருந்தும். சூம் வந்த பிறகு சரவணையில் மாலை ஏழரை மணிக்குத் தொடங்கினால் கோடையில் ரொறன்ரோவில் காலை பத்து, இலண்டனில் பிற்பகல் மூன்று, பாரிசில் நான்கு. எல்லோரும் விழித்திருக்கும் நேரம் கிடைத்திருப்பது பெரிய வாய்ப்பு. அன்போடும் ஊர்ப்பற்றோடும் வரும் பணம் அது. ஆனால் திரையில் இருப்பவர்கள் கட்டடத்தைப் பற்றியும் ஊரில் இருப்பவர்கள் தண்ணீரைப் பற்றியும் எண்ணும்போது, நிரலில் கட்டடமே முதலில் வருகிறது. கொடுப்பவரைக் கேள்வி கேட்பது நன்றி மறத்தலாகத் தோன்றுவதால் ஊரவர் மௌனமாகிறார்கள்.

7. எட்டப்பட்டும் நிலைக்காத முடிவுகள்

கூட்டத்தின் மறுமுனையான கூட்டறிக்கைக்கு வருவோம். எமது கடலோரத்தை நேரடியாகத் தொட்ட கூட்டத் தொடர் ஒன்று உண்டு. பாக்குநீரிணையின் இருகரைத் தமிழ் மீனவரும் 2004 இல் முகங்கொடுத்துப் பேசினர். 2010 ஓகஸ்டில் தமிழ்நாட்டுக் குழு இலங்கைக்கு வந்தபோது, இழுவைமடியை ஓராண்டுக்குள் கைவிடுவது என்ற உடன்பாடு வரை பேச்சு போனது. ஒரே மொழி, ஒரே தொழில், பழைய உறவு, நீண்ட நேரம், பொறுமை என நல்ல கூட்டத்துக்கு வேண்டிய பலவும் அங்கே இருந்தன. அந்த உடன்பாடு நடைமுறைக்கு வரவில்லை. 2011 இலும், 2014 இலும், 2015 இலும் சென்னையிலும் கொழும்பிலும் மறுபடி கூடினார்கள். கூடுதல் அவகாசமே கேட்கப்பட்டது. 2016 நவம்பரில் புதுடில்லியில் அமைச்சர்கள் சந்தித்துக் கூட்டுப் பணிக்குழு அமைத்தனர்.

இதற்கு அரசியல் விளக்கங்கள் பல. இந்தியப் படகு உரிமையாளரின் கடன், தமிழ்நாட்டுத் தேர்தல் கணக்கு, இரு அரசுகளின் தயக்கம் எல்லாம் உண்மை. கூட்டம் என்ற கோணத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. உடன்பட்டவர்களுக்குத் தம் பின்னால் நின்ற எல்லாப் படகு உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. இரு அரசுகளும் உடன்பாட்டைத் தமதாக ஏற்கவில்லை. தவணையைக் கண்காணிக்கும் பொறுப்பு நடைமுறையில் எவர் கையிலும் இருக்கவில்லை. மாறாக, 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் அதன் உறுப்பினர் எம். ஏ. சுமந்திரனின் தனிநபர் சட்டமூலம் வழியாக இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தபோது, குற்றம் எது, தண்டனை எது, நடவடிக்கை எடுப்பவர் யார் என்பன எழுத்தில் வந்தன. சட்டம் கடலில் முழுமையாக நிறைவேறவில்லை என்பதும் உண்மையே. ஆனால் கேள்வி கேட்க ஒரு முகவரி கிடைத்தது.

எமது சிறு கூட்டங்களின் அறிக்கைகளிலும் இந்த முகவரியே காணாமற்போகிறது. நடவடிக்கை எடுப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதுகிறோம். யார் எடுப்பது, எப்போதைக்குள் என்பது இல்லை. அடுத்த மாதம் முன்னைய கூட்டறிக்கை வாசிக்கப்படும்போது, அது எழுத்துப்பிழை பார்க்கும் சடங்காகி, ஏற்கப்பட்டு முடிகிறது.

8. தொடங்கக்கூடிய இடங்கள்

விளக்கேற்றுவதையும் இறைவணக்கத்தையும் மௌன அஞ்சலியையும் சுருக்குமாறு நான் கேட்கவில்லை. இவ்வளவு இழப்பைக் கண்ட மண்ணில் அவை தேவை. சுருக்க வேண்டியது வாசிப்பை. முன்னேற்ற மீளாய்வுக் கூட்டத்தில் திணைக்களம் திணைக்களமாக எண்களை வாசிப்பது, முதல் நாளே வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய தாளுக்காக எல்லோரையும் இருத்திவைப்பதாகும். முன்கூட்டி அனுப்பினால் படிக்கமாட்டார்கள் என்று சொல்வார்கள். அமேசான் நிறுவனத்தின் மேல்மட்டக் கூட்டங்களில் 2004 இல் திரைக்காட்சிகளை நிறுத்திவிட்டு எழுத்துக் குறிப்பைக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாக அதைப் படிப்பது வழக்கமானது. பத்து நிமிடம் ஒன்றாகப் படித்துவிட்டு, எங்கே தடை இருக்கிறது என்பதை மட்டும் பேசலாம்.

ஊர்க் கூட்டத்தில், நிரலின் பாதியையாவது ஊர் எழுத வேண்டும். ஒரு கிழமைக்கு முன் சனசமூக நிலையப் பலகையிலும் ஊர் வட்ஸ்அப் குழுவிலும் விடயங்களைக் கேட்டு, கேட்டவரின் பெயரோடு நிரலில் சேர்ப்பது போதும். தன் பெயரில் ஒரு விடயம் இருக்கும் கூட்டத்துக்கு மனிதர் வருவார். விடயத்தை எடுத்ததும் திறந்த பேச்சுக்குப் போகாமல், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லும் சுற்று ஒன்றை வைக்க வேண்டும். எழுதப் பழகியவர் துண்டில் எழுதலாம், எழுதத் தயங்குபவர் வாயால் சொல்லலாம். சுற்றைப் பின்வரிசையிலிருந்து தொடங்குவதும், தலைவரும் உத்தியோகத்தரும் கடைசியாகப் பேசுவதும் முக்கியம். பெரியவர் சொன்ன பிறகு அதற்கு மாறாகச் சொல்வது எமது பழக்கத்தில் எளிதன்று. பேச்சுச் சமமாகப் பரவும் குழுக்கள் நன்றாகச் செயற்படுகின்றன என்ற 2010 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வைப் பின்னர் மறுபகுப்பாய்வு செய்தோர் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே இதை ஒரு மந்திரமாக நான் வைக்கவில்லை. சிதறிக்கிடக்கும் செய்தியைச் சபைக்குக் கொண்டுவர இதைவிட எளிய வழியை நான் அறியேன்.

அறிக்கைப் புத்தகத்தில் தீர்மானத்துக்கு எதிரே ஒரு பெயரும் ஒரு திகதியும் எழுதப்பட வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் விடயம் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதாக இருக்க வேண்டும். செய்ய முடியாமற்போனால் தடை எது என்று எழுத வேண்டும், அதில் அவமானம் எதுவுமில்லை. கூட்டறிக்கையின் பிரதி பலகையில் ஒட்டப்படலாம். அரச அலுவலகக் கூட்டங்களின் அறிக்கைகளைக் கேட்டுப் பெற 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரஜைக்கும் வழி தருகிறது. அந்த வழியை ஊர்ச் சங்கங்கள் பயன்படுத்தப் பழக வேண்டும்.

எஞ்சுவது கூட்டத்தின் செலவு. பிரதேச சபை உறுப்பினருக்குக் கொடுப்பனவு உண்டு, உத்தியோகத்தருக்குச் சம்பளம் உண்டு. அனலைதீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ ஒரு நாளுழைப்பை விட்டுவரும் தொழிலாளிக்குப் படகுக் கூலிகூட இல்லை. திட்ட மதிப்பீடுகளில் பெயர்ப்பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் தொகை வைக்கப்படுகிறது. அதே மதிப்பீட்டில், கலந்துரையாட அழைக்கப்படும் தினக்கூலிக்காரருக்குப் போக்குவரத்தும் அரைநாள் கூலியும் ஒரு வரியாகச் சேர்க்கப்பட வேண்டும். முதலில் அடுத்த கோடைக்கான குடிநீர் விநியோகக் கூட்டத்துக்கு மட்டும், பவுசர் சாரதியையும் தண்ணீர் அள்ளும் பெண்கள் சிலரையும் கூலி கொடுத்து அழைத்து இதைச் செய்து பார்க்கலாம்.